அக்காவுக்குச் சொல்லவில்லை

"ஒங்கக்காவுக்கு ஒரு போன் போட்டுடலாமா?" என்றான் கார்த்தி.

"எதுக்கு? வந்து நாட்டாம பண்ணவா?" என்று புருஷனிடம் சீறினாள் தமிழ்ச்செல்வி.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வராந்தா. அவர்களுடைய எட்டு மாதப் பையன் மூத்திரம் போகும்போதெல்லாம் வீறிட்டு அழுகிறான் என்று, காலையில் ஒரு கிளினிக்கில் முன்தோலை நீக்கியிருந்தார்கள். சின்ன ஆபரேஷன்தான். சாயங்காலமாகியும் ரத்தம் நிற்கவில்லை. மாற்ற மாற்றத் துணி நனைந்தது. பதறியடித்துக்கொண்டு இங்கே ஓடி வந்திருந்தார்கள்.

'புள்ளைக்கு எது பண்றதுன்னாலும் எங்கிட்ட ஒரு வார்த்த கேளு' என்று அக்கா ரேணுகா எத்தனையோ முறை சொல்லியிருந்தாள். அதனாலேயே தமிழ்ச்செல்வி கேட்கவில்லை.

அக்காவை நினைத்தாலே அவளுக்கு வயிறு எரியும். கேளம்பாக்கத்தில் சொந்த ஃபிளாட், கார். ஏழு வயதுப் பையன் பரணியைத் தரையில் கால் படாமல் வளர்க்கிறாள். மேஜை முனைக்கெல்லாம் ஸ்பாஞ்ச் ஒட்டி வைத்திருக்கிறாள். மாசா மாசம் மெட்ராசில் பெரிய டாக்டரிடம் காட்டுகிறாளாம். காசு கொழுத்தால் நோயில்லாத பிள்ளைக்கும் டாக்டர்.

கார்த்தி திருட்டுத்தனமாகப் போன் போட்டிருக்க வேண்டும். தலைகூட வாராமல் ரேணுகா வந்து நின்றாள். அந்த நேரத்திலும் அவள் கையிலிருந்த கார் சாவி தமிழ்ச்செல்வியின் கண்ணை உறுத்தியது.

"இன்னாடி பண்ணி வச்ச? எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எல்லாத்துக்கும் ஒன்னக் கேட்டுகினு இருக்கணுமா? எம் புள்ள இன்னா தவுட்டுக்கு வாங்குனதா?"

டாக்டர் வெளியே வந்தார். "தையல் போட்டும் நிக்கலம்மா. குடும்பத்துல யாருக்காவது ரத்தம் உறையாத வியாதி இருக்கா?"

மாமியார் எல்லம்மாள் பக்கத்தில் நின்றிருந்தாள். "எங்க குடும்பத்துல அதெல்லாம் இல்ல டாக்டர்" என்றாள் தமிழ்ச்செல்வி வெடுக்கென்று.

"கீது சார்" என்றாள் ரேணுகா. "எம் பையனுக்கு. ஹீமோபிலியா. அம்மா வழியில வருமாம்."

டாக்டர் அதற்கான ஊசியைக் கொண்டுவரச் சொல்லிவிட்டு உள்ளே ஓடினார். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் எட்டிப் பார்த்து, ரத்தம் நின்றுகொண்டு வருகிறது என்றாள்.

தமிழ்ச்செல்விக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன. "கூடப் பொறந்தவகிட்ட கூட மறச்சிட்டியேக்கா. ஏன்?"

ரேணுகா அவளைத் தள்ளி அழைத்துப் போனாள். எல்லம்மாளைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"பரணிக்கு இதுன்னு தெரிஞ்ச வாரந்தான் இவங்க ஒன்னப் பொண்ணு பாக்க வந்தாங்க. சொல்லியிருந்தா ஒன்னக் கட்டியிருப்பாங்களாடி?"