புதுத் தோல்

துண்டைச் சுருட்டி நவமணியின் வாயில் திணித்தாள் இருளாயி.

"கடிச்சுக்குங்க மதினி. சத்தம் வந்துச்சு, ரெண்டு பேரும் தொலைஞ்சோம்."

கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு, காலிலிருந்த கட்டை அவிழ்த்தாள். முழங்காலுக்குக் கீழே காயம் மூடிக்கொண்டிருந்தது. இளஞ்சிவப்பாக, குழந்தையின் உதடுபோலப் புதுத் தோல்.

நர்ஸ் மிஸ்ஸி சாலிஹா காலையில் அதைப் பார்த்துவிட்டு, தான் போட்ட கட்டின் பலன் என்று பூரித்துப்போனாள்.

படித்த மிஸ்ஸிதான் கட்டுப் போட்டாக வேண்டும் என்கிற அளவுக்குக் காயம் இருக்கும்வரை, ஈப்போ நர்சிங் ஹோமில் இந்தக் கட்டிலுக்குத் தோட்டத்து இன்சூரன்ஸ் பணம் கட்டும். மூடிவிட்டால் வீடு. அதைப் பார்த்துச் சொல்ல இன்சூரன்ஸ்காரர் வந்துகொண்டிருந்தார்.

இருளாயி நகத்தை வைத்துக் கிழித்தாள்.

பொருக்கு பெயர்ந்தது. அடியிலிருந்த தோல் விடவில்லை. ரப்பர் மரத்தில் பால் வடியப் பட்டையை மட்டும் மெல்லச் சீவிப் பழகிய கை. அடியிலுள்ள கட்டையில் கத்தி பட்டால் மரம் கெட்டதென்று கங்காணி கத்துவான். இன்றைக்குக் கட்டையைத் தொட்டாக வேண்டும்.

கொண்டை ஊசியை உருவினாள்.

நவமணி தன் காலைத் தானே இரண்டு கைகளாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடாமல் தலையசைத்தாள்.

ஊசி இறங்கியது. இருளாயி அதைத் திருப்பி இழுத்தாள். மறுபடி இறக்கினாள். நவமணியின் உடம்பு கட்டிலிலிருந்து எழும்பி விழுந்தது. துண்டுக்குள் ஏதோ ஒரு மிருகம் முனகியது. இரத்தம் வந்தது. போதவில்லை. இன்னும் ஆழமாகக் குத்தினாள்.

தன் கை நடுங்கவில்லை என்பதுதான் இருளாயியைப் பயமுறுத்தியது. அன்று சமையற்கட்டில் இதே காலில் கத்தியை இறக்கியபோது அண்ணன் சீனியின் கையும் இப்படித்தான் இருந்தது. இருவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்.

நவமணி மரத்தடியில் வழுக்கிக் கத்திமேல் விழுந்துவிட்டாள் என்று தோட்ட ஆபீசில் சாட்சி சொன்னவளும் இருளாயிதான். வீட்டில் பட்ட காயத்துக்கு இன்சூரன்ஸ் கிடையாது.

திரை விலகியது. இன்சூரன்ஸ்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்தார், முகம் சுளித்து நிமிர்ந்தார், தலையாட்டிவிட்டுப் போனார்.

மிஸ்ஸி சாலிஹா காயத்தைப் பார்த்தாள். இருளாயியின் நகங்களைப் பார்த்தாள்.

"போய்க் கைய கழுவுங்கக்கா," என்றாள் மெதுவாக.

மனைவியை அழைத்துப் போக சுங்கை சிப்புட் தோட்டத்திலிருந்து டாக்சியோடு வந்திருந்த சீனியிடம், "மறுபடி புட்டுக்கிச்சு. வீட்டுல யாராலயும் கட்ட முடியாது," என்றாள் மிஸ்ஸி.

சீனி சிரித்தான்.

"நீங்களே வச்சுக்குங்க லா, மிஸ்ஸி. எனக்கு வீட்டுல இன்னொண்ணு இருக்குல்ல." தங்கையைப் பார்த்துத் தலையை ஆட்டினான். "வா, போலாம்."

அவன் வாசலுக்கு நடந்ததும் இருளாயி தன் கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி நவமணியின் கையில் மாட்டினாள்.

நவமணி கையைத் திருப்பிப் பார்த்தாள். "எதுக்கு புள்ள இது?"

"அண்ணன் கைய முறுக்குறப்ப உடைஞ்சு சதையில ஏறிடுது, மதினி. போன வாரச் சில்லே இன்னும் உள்ளதான் கிடக்கு."