யானை வந்த சேதி

யானை வந்திருக்கிறது, சேதியும் போயிருக்கிறது, ஆள் மட்டும் ஏன் வரவில்லை என்று கேட்டார் பெஞ்சமின் சார்.

வேல்விழிக்கு முழி பிதுங்கியது.

பல்கலைக்கழகம் தென்காசியில் நடத்தும் புத்தொழில் மையத்துக்கு பெஞ்சமின் சார்தான் பொறுப்பு. அங்கே கொடுத்த ஓர் அறையில் வேல்விழியின் கம்பெனி ஓடுகிறது. கம்பெனி என்றால் அவளும் ஒரு மேசையும்தான். இன்றைய ஆய்வில் தேறினால் இன்னும் ஒரு வருடம். இல்லையென்றால் அறையைக் காலி செய்ய வேண்டும்.

ஆய்வுக் குழுவின் மற்ற இருவரும் குற்றாலத்தில் குளிக்கிற அவசரத்தில் இருந்தார்கள். ஒருவர் பையில் துண்டு எட்டிப் பார்த்தது.

அவள் செய்த பெட்டி, தோப்புக்குள் யானை நுழைந்தால் படம் பிடித்து உரிமையாளரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பும்.

வடகரையில் ஷரீபுன்னிசாவின் தென்னந்தோப்பில் அதை மாட்டி ஒரு மாதம். யானைகள் பதினோரு தடவை வந்தன. பதினோரு சேதிகளும் ஒரு நிமிடத்துக்குள் படிக்கப்பட்டு நீலக்குறி விழுந்திருந்தது. ஆனால் விரட்ட ஒரு ஆள்கூட வரவில்லை. யானைகள் பந்திக்கு வந்த சம்பந்தி வீட்டார் மாதிரி நிதானமாகத் தின்றுவிட்டுப் போயின.

நேரில் போய்க் கேட்டதற்கு, தனக்கு ஒன்றுமே வரவில்லை என்று சத்தியம் செய்தார் ஷரீபுன்னிசா.

பெட்டி பொய் சொல்கிறதா, அந்த அம்மா பொய் சொல்கிறாரா? இரண்டு நாளாக வேல்விழிக்கு மண்டை காய்ந்தது.

பெட்டி மாட்டியபோது ஷரீபுன்னிசா கொடுத்த படிவத்தில் இருக்கும் எண்ணைக் கூப்பிடச் சொன்னார் சார்.

எடுத்தது ஓர் ஆண்குரல். ஷரீபுன்னிசாவின் மகன் ஹம்தான். இருப்பது சவூதியில். கேஸ் சிலிண்டருக்கும் ரேஷனுக்கும் கொடுக்கிற பழக்கத்தில், இதற்கும் மகனின் எண்ணையே கொடுத்திருக்கிறார் அந்த அம்மா.

வேல்விழிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை! எண்ணை மாற்றினால் போதும்.

எல்லாவற்றையும் பார்த்தவர் வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கோபமாகவே கேட்டாள்.

"சொன்னா உம்மா டார்ச்சைத் தூக்கிட்டு ஒத்தையில போயி நிப்பாவ மேடம். வாப்பா அப்படிப் போயி யானைகிட்ட மாட்டித்தான் மவுத்தானாவ. மரம் போனா போவுது, நம்பரை மட்டும் மாத்திராதீய."

அவசரத்தில் அவன் எண்ணை அவள் ஏற்கெனவே கணினியில் அழித்திருந்தாள்.

காலிக் கட்டத்தில் எதை அடிப்பதென்று தெரியாமல் பெஞ்சமின் சாரைப் பார்த்தாள். அவரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.