இரண்டாம் பாதி

பயிற்சியாளரை வெளியே போய் இருக்கச் சொன்னார்கள்.

டோனெலி எழுந்து, யாரையும் பார்க்காமல், கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

சிட்னியின் மேற்குப் புறத்தில் இருந்த அந்த ரக்பி கழகத்துக்கு அவர் வந்து ஒரு பருவம்தான் ஆகியிருந்தது. அடுத்த வருடமும் அவரையே வைத்திருப்பதா, அனுப்பிவிடுவதா என்று நிர்வாகக் குழு இப்போது முடிவு செய்ய வேண்டும்.

கழகத்தின் வைத்தியர் தேவராஜா மேசையின் கடைசி ஓரத்தில் இருந்தார். அவர் முன்னால் யாரோ வைத்த தேநீரில் ஆடை படர்ந்துவிட்டது. சனிக்கிழமையிலிருந்து அவருக்கு எதுவும் சுடவும் இல்லை, குளிரவும் இல்லை.

ஆள் நல்லவன் என்றார் பொருளாளர். குடித்துவிட்டுப் பயிற்சிக்கு வந்த அணித்தலைவனை முதல் மாதமே வீட்டுக்கு அனுப்பியவன். வருடக்கணக்காகக் கடைசியில் கிடந்த அணியை நிமிர்த்தி வைத்தவன்.

ஆனால் சிரிக்க மாட்டான் என்றார் இறைச்சிக்கடை வைத்திருந்த பழைய ஆட்டக்காரர். ஒரு பியர் குடிக்கக்கூட நம்மோடு நிற்க மாட்டான்.

தேவராஜாவிடம் ஆட்டக்காரர்களின் உடம்பைப் பற்றிக் கேட்டார்கள். தொடைத்தசை கிழிவது நன்றாகக் குறைந்திருக்கிறது என்றார். மருந்தைச் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா எடுப்பது என்று சொல்லும் குரலிலேயே சொன்னார்.

எல்லோருக்கும் தொண்டையில் சிக்கியிருந்தது அந்தச் சனிக்கிழமைதான்.

பருவத்தின் கடைசி ஆட்டம். வென்றால் இறுதிச் சுற்று. இடைவேளையின்போது இவர்கள்தான் முன்னால் நின்றார்கள்.

அதன் பிறகு மைதானத்தோரம் இருந்த தன் இருக்கைக்கு டோனெலி திரும்பி வரவேயில்லை. சொல்ல ஆளில்லாமல் அணி தட்டுத்தடுமாறித் தோற்றது.

எங்கே போனாய் என்று சற்று முன்தான் கேட்டிருந்தார்கள். அதைச் சொல்ல முடியாது என்பதற்கு மேல் அவர் ஒரு சொல் பேசவில்லை.

குடியாக இருக்கும் என்றார் இறைச்சிக்கடைக்காரர். பந்தயக்காரர்களிடம் காசு வாங்கியிருப்பான் என்றார் இன்னொருவர்.

அப்படி ஒரு பேர் எடுத்தவனை இனி எந்தக் கழகமும் வாசலில்கூட நிற்க விடாது. அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

அனுப்பிவிடலாம் என்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார் தலைவர்.

கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. தேவராஜா அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொருளாளரின் கையும் தயங்கித் தயங்கி மேலே போனது.

“அவர் என்னோடு இருந்தார்.”

யார் பேசியது என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தேவராஜாவுக்குமே அது யாருடைய குரலோ போலத்தான் கேட்டது.

இடைவேளையில் முதலுதவி அறைக்கு ஒரு தொலைபேசி வந்தது என்றார். கொழும்பிலிருந்து ஒரு நண்பர். நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் கேட்டு இந்த நம்பரை வாங்கியிருக்கிறார். அங்கே தமிழர்களைத் தேடி அடிக்கும் கலவரம் நடக்கிறது. என் மனைவியின் தம்பி அனுராதபுரத்தில் பள்ளிக்கூட வாத்தியார். ஊருக்குத் தப்பிப் போக ரயில் ஏறியவனை இறக்கி அடித்துக் கொன்றுவிட்டார்கள்.

இவ்வளவையும் அவர் ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னார்.

தொலைபேசியை வைத்த பிறகு, எப்போது தரையில் சரிந்தார் என்பது அவருக்கு நினைவில்லை. கட்டுத்துணி கேட்டு வந்த டோனெலி அவரைப் பார்த்தார். என்ன என்று கேட்டார். கேட்டுவிட்டுக் கதவை உள்ளே சாத்தி, பக்கத்தில் அதே தரையில் இருந்துவிட்டார்.

வெளியே ஆட்டம் தொடங்கிய சத்தம் கேட்டது. போங்கள், போங்கள் என்று தேவராஜா சொல்லிப் பார்த்தார். டோனெலி போகவில்லை. ஆறுதலாக எதுவும் சொல்லவும் இல்லை. கடைசி விசில் வரை சும்மா இருந்தார்.

அந்தப் பாதியில் யாருக்கும் அடிபடவில்லை. அதனால் வைத்தியரை யாரும் தேடவில்லை. அவரும் மைதானத்தோரம் இருக்கவில்லை என்பதே அந்த மேசையில் இருந்தவர்களுக்கு இப்போதுதான் உறைத்தது.

இதை அவனே சொல்லியிருக்கலாமே என்றார் தலைவர் மெதுவாக.

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன் என்றார் தேவராஜா.

கைகள் இறங்கின. இறைச்சிக்கடைக்காரர் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டோனெலியைக் கூப்பிட்டு அடுத்த வருடமும் நீதான் என்றார்கள். அவர் முகத்தில் சந்தோஷம் எதுவும் தெரியவில்லை. முதல் தடவையாகத் தேவராஜாவை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ கேட்பது போலிருந்தது அந்தப் பார்வை.

ஒவ்வொருவராக வந்து வைத்தியரின் கையைப் பிடித்தார்கள். என் மனைவி இன்றைக்கே உங்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து அனுதாபம் சொல்வாள் என்றார் தலைவர். தேவராஜா தலையாட்டினார்.

நார்த்மீட்டில் வீட்டுக்கு முன்னால் காரை நிறுத்திய பிறகும் அவர் கொஞ்ச நேரம் இறங்கவில்லை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. குசினியில் வெளிச்சம் எரிந்தது.

உள்ளே போனதும் மனைவி சந்திரவதனா அடுப்படியில் நின்றபடியே கேட்டாள்.

“உங்கட கோச்சை வச்சிருக்கினமே? றேடியோவில திரும்பவும் அனுராதபுரம் எண்டு சொன்னவங்களப்பா. நாளைக்குத் தம்பிக்கு ஒரு தந்தி அடிச்சுப் பாப்பமே?”

கோச்சை வைத்திருக்கிறார்கள் என்று முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னார் தேவராஜா.

பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, அவளைக் கதிரையில் இருக்கச் சொன்னார்.