ஒரு ரிங் மட்டும்

"ரிங்கு மட்டும் போயி நின்னுருச்சுன்னா, அதுக்கும் காசு எடுப்பானாம்மா?"

மொக்கச்சாமி மூன்றாவது முறையாகக் கேட்டார். போடி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய செல்போன் கடை. கடைப் பெண் முத்துப்பிரியா சலிக்காமல் சொன்னாள்.

"எடுக்க மாட்டான் பெரியப்பா. நீங்க அடிச்சு அவங்க எடுக்காட்டியும் காசில்ல, அவங்க அடிச்சு நீங்க எடுக்காட்டியும் காசில்ல. எடுத்துப் பேசுனாத்தான் தாளிச்சுருவான். போடி சிம்முல நெட்டை அமத்தியே வையுங்க. சிங்கப்பூர்ல எறங்குனதும் அந்த ஊரு சிம்மை ரெண்டாவதாப் போட்டு, வாட்ஸ்அப்ல பேசிக்கங்க."

"பேசுறதுக்கு யாரு கேட்டா? ரிங்கு போகணும். அம்புட்டுத்தான்."

பக்கத்தில் நின்ற அவர் மனைவி சந்திரவல்லி திரும்பி அவரைப் பார்த்தாள்.

ரிங் பாஷை அவளுக்குத் தெரியும். அவர் மலைமேல் ஏலக்காட்டில் கங்காணியாக இருந்த காலத்தில், போடிமெட்டைத் தாண்டினாலே கேரளா, ரோமிங். அங்கே ஒரு சிம், வீட்டுக்கு ஒரு சிம். ஒரு ரிங் வந்தால் ஜீப் ஏறிவிட்டார், உலை வைக்கலாம். ரெண்டு ரிங் வந்தால் இன்றைக்கு வரவில்லை. பைசா செலவில்லாமல் குடும்பம் நடத்திய பாஷை. இப்போது அவள் அவருடனேயே விமானம் ஏறப் போகிறாள். அப்புறம் ரிங் யாருக்கு?

"யாருக்கு ரிங்கு விடப் போறீக?" என்று வரும் வழியில் கேட்டாள்.

"பால்பாண்டிக்குத்தான். குத்தகைக்காரன், ஏதாச்சும் கேப்பான்ல."

மாசி மாதம் சிலமலைத் தோட்டத்தில் மடை திறக்கப் போனவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். இனித் தோட்டம் தொரவு என்று அலையக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சிங்கப்பூரில் இருக்கும் மகள் தமிழினி போனில் அழுதாள். தோட்டத்தைப் பால்பாண்டிக்குக் குத்தகைக்கு விட்டாயிற்று, இனி அந்த நினைப்பே இல்லை என்று மகள்மேல் சத்தியம் செய்த பிறகுதான் அவள் டிக்கெட் போட்டாள்.

சிங்கப்பூர் வந்து இறங்கிய மறுநாளே அது ஆரம்பித்துவிட்டது.

காலையில் இட்லிக்கு உட்காரும் நேரத்தில் போடி சிம் அடிக்கும். எடுக்க மாட்டார். அடித்து ஓய்ந்ததும் போனைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போவார். திருப்பி ஒரு ரிங் விடுவார். வாயைத் திறக்க மாட்டார். உள்ளே வரும்போது முகத்தில் ஒரு தெளிச்சி இருக்கும். அதற்குப் பிறகுதான் இட்லி இறங்கும்.

அவர் தூங்கும்போது சந்திரவல்லி போனை எடுத்துப் பார்த்தாள். ஒரே நம்பர். பேர் போட்டு வைக்கவில்லை. பால்பாண்டி நம்பர் அவளுக்கு மனப்பாடம், இது அதில்லை. மகள் போனிலிருந்து அடித்தாள். ஒரே ரிங்கில் கட்டாகிவிட்டது. மறுபடி அடித்தாள். மறுபடி கட்.

"உங்கப்பனுக்கு மட்டுந்தான் எடுப்பா போலருக்கு அந்தச் சிறுக்கி" என்றாள் மகளிடம்.

"எந்தச் சிறுக்கிம்மா?"

"மெட்டுக்கு மேல எவளோ ஒருத்தி. அந்தக் காலத்துப் பழக்கம்."

"அப்பாவுக்கா? இந்த வயசுலயா? நெஞ்சு வலி வந்த மனுசன்மா அவரு!"

"வலிதானே வந்துச்சு. எடம் இல்லாமலா போச்சு?"

தமிழினிக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"நேராக் கேட்டுரும்மா."

"கேட்டேன். பால்பாண்டிங்குறாரு, கண்ணு இமைக்காம. நாளைக்கு நானே எடுத்துப் பேசுறேன். ஒருத்தி இருக்கான்னு தெரிஞ்சுதுன்னு வையி, எனக்கு மட்டும் டிக்கெட்டைப் போடு. போடியில எங்கண்ணன் வீட்டுல போயி இருந்துக்கிறேன். அந்த ஆளு மூஞ்சில இனி முழிக்க மாட்டேன்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று மகளுக்குப் புரிந்தது.

மறுநாள் அவர் குளித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. குளியலறைக்குள் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"ஏய், எடுத்துறாத! ரோமிங்கு! தாளிச்சுருவான்!"

"தாளிக்கட்டும்" என்று சந்திரவல்லி பச்சையை அழுத்தினாள்.

மறுமுனையில் பெண் குரல். சின்ன வயசுக் குரல். நயமாக "வணக்கம்" என்றது.

"எவடி நீ? எத்தனை வருசமாடி இது?"

அந்தக் குரல் கோபப்படவில்லை. அதே நயத்தோடு சொன்னது.

"உங்கள் கிணற்றுக்கு மும்முனை மின்சாரம் வந்துள்ளது. மோட்டாரை ஓடவிட எண் ஒன்றை அழுத்தவும்."

அவர் தினமும் விட்ட ஒரு ரிங், சிலமலைத் தோட்டத்து மோட்டாரை ஓடவிடத்தான். குத்தகையும் பொய், மகள்மேல் செய்த சத்தியமும் பொய். பொம்பளையாக இருந்திருந்தாலாவது சண்டை போட்டு விரட்டியிருக்கலாம் என்று நினைத்தபடியே, சந்திரவல்லி ஒன்றை அழுத்தினாள்.