ரங்கூன் பாடம்

"புளிய இப்படி அள்ளிப் போட்டா மாசக் கடைசிக்கு எங்க புள்ள போவ?"

"கடை தெருமுனையிலதான்க்கா இருக்கு. சும்மா இருங்க" என்று சிரித்தாள் கோகிலா.

அலமாரி மேலிருந்த சிறு பெட்டிக்குள்ளிருந்து பேசியவள் சிட்டம்மா. அவள் இருப்பது 1942இல், முதுகுளத்தூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில். அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, பழைய காலத்து ஆள் ஒருவரை இப்படிப் பெட்டிக்குள் குரலாக வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள். பாடம் முடியும்வரை அவர் வீட்டோடு இருப்பார். கோகிலாவின் மகள் தென்னிலாவுக்கு வந்தவள் சிட்டம்மா. மகளைவிட அம்மாவுக்குத்தான் அவளை ரொம்பப் பிடித்துப்போனது.

தென்னிலா தேர்வுக்குச் சத்தமாகப் படிக்கத் தொடங்கினாள்.

"ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தபோது, பர்மாவிலிருந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் நடந்தே ஊர் திரும்பினர். வழியில் பலர் இறந்தனர்."

கோகிலா சட்டென்று அடுப்பை அணைத்தாள். சிட்டம்மாவின் கணவன் ரங்கூன் அரிசி ஆலையில் மூட்டை தூக்கப் போனவன் என்பது அவளுக்குத் தெரியும்.

"நடந்தேவா வந்தாக?" என்று கேட்டாள் சிட்டம்மா.

"ஆமா பெரியம்மா."

"வந்தவுக பேரு போட்டிருக்கா?"

தென்னிலா பக்கத்தைத் திருப்பினாள். அங்கே அடுத்த பாடம் தொடங்கியிருந்தது. அவள் அம்மாவைப் பார்த்தாள்.

"எம் புருசன் பேர நான் வாயால சொல்லக் கூடாது. பரவாயில்ல, சொல்றேன். கருமலை. வந்துட்டாகளான்னு பாத்துச் சொல்லு தாயி."