மூடி திறக்காத பாட்டில்

என் தம்பி மகள் கனிஷ்கா ப்ளஸ் டூ முடித்திருந்தாள். ஐந்து மணிக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் சீட் வேறொருவருக்குப் போய்விடும் என்று அவளைச் சேர்க்க நாங்கள் போயிருந்த கல்லூரியின் அட்மிஷன் அதிகாரி சொல்லிவிட்டார். அவர் காட்டிய ஏசி ஆடிட்டோரியத்தையும், யானை உயரத்துக்கு நின்ற நிறுவனர் சிலையையும் பார்த்து முடித்தபின் அவள் கேட்டது ஒன்றுதான்: “பொண்ணுங்க பாத்ரூம் எங்க சார்?”

மாடியேறி நாலடி வைப்பதற்குள் நாற்றமே எதிரே வந்து எங்கள் கையைப் பிடித்து அழைத்துப் போனது. அங்கே குடியிருந்த கரப்பான்பூச்சிகள்கூட மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடமாடின, சத்தியமாக. நானும் அதிகாரியும் வெளியே நின்றோம். உள்ளே போன கனிஷ்கா போன வேகத்திலேயே திரும்பி, ஜன்னலோரம் சாய்ந்து குமட்டினாள்.

வகுப்பு முடிந்து கூட்டமாக வந்த மாணவிகளில் ஒருத்தி அவள் முதுகைத் தடவித் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். மாலை நாலரை மணிக்கும் அது கழுத்துவரை நிறைந்திருந்தது.

“நீங்க குடிக்கலையாக்கா?”

“குடிச்சா போகணும்ல? மூணு வருஷமாப் பழகிட்டோம். கீழ ஒண்ணு இருக்கு, பளபளன்னு. பூட்டியே கிடக்கும். இன்ஸ்பெக்ஷன் கமிட்டி வந்தாத்தான் திறப்பாங்க.”

அதிகாரி படிவத்தை நீட்டினார். “டைம் ஆச்சும்மா.”

கனிஷ்கா அண்ணாந்து, ஒரு லிட்டரையும் அவர் கண்ணெதிரே மடக்மடக்கென்று குடித்துத் தீர்த்தாள். வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“கீழ உள்ளதுக்குச் சாவி எடுத்துட்டு வாங்க சார். கையெழுத்த அப்புறம் பாக்கலாம்.”

அதிகாரி சிரிக்கப் பார்த்தார். அதற்குள் சுற்றி நின்ற மாணவிகளில் இன்னொருத்தி தன் பாட்டில் மூடியைத் திருகத் தொடங்கியிருந்தாள்.