பிழை எண் 9

ஒன்பதுக்கு என்ன அர்த்தம் என்று அவள் கையேட்டைப் புரட்டினாள். தேட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பிஸ்டன் நகரவில்லை. குழாய் அடைத்திருக்கலாம்.

மறுபடி திரையைப் பார்த்தாள். செல்களுக்கு மருந்து செலுத்தும் சிரிஞ்ச் பம்ப் ஒவ்வொரு கட்டளைக்கும் அனுப்பிய பதில் எண்கள். நான்கு மாதத்துக்கானவை. சரியாக நடந்தால் 0 வர வேண்டும்.

முதல் இரண்டு நாள் 0.

அப்புறம் எல்லாமே 9.

பம்ப் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

தண்ணீர் விட்டுச் சோதித்த நாட்களில் அது சின்னக் காற்றுக்குமிழிக்கெல்லாம் நின்று உயிரை வாங்கியது. எரிச்சலில் மென்பொருளில் ஒரு வரி சேர்த்தாள். என்ன பிழை வந்தாலும் அழித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போ.

அதற்குப் பிறகு அது நிற்கவே இல்லை. சமர்த்தாக இருந்தது.

புதிய மருந்தை எத்தனை முறை செலுத்தினாலும் புற்றுநோய் செல்கள் சாகவில்லை. அதுதான் அவளுடைய கண்டுபிடிப்பு. முதல் இரண்டு நாள் மட்டும் கொத்தாகச் செத்தன. "ஏதோ தப்பு நடந்திருக்கு, அந்த ரெண்டு நாளை விட்டுடும்மா" என்றார் பேராசிரியர் தணிகாசலம். விட்டுவிட்டாள்.

கட்டுரை அச்சாகப்போகிறது. அதைப் பற்றிப் பேச அவர் மதியம் டெல்லி கிளம்புகிறார். பம்பின் பதிவையும் இணைத்து அனுப்பும்படி இதழிலிருந்து கேட்டிருந்தார்கள். அதற்காகத்தான் இன்று திறந்தாள்.

ஒன்பதுகளை நீக்கிவிட்டு அனுப்பினால் யாருக்கும் தெரியாது.

கர்சரை அங்கே கொண்டுபோனாள். கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தாள்.

அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. யாரோ டீ குடிக்கக் கூப்பிட்டார்கள். வரவில்லை என்று தலையாட்டினாள்.

எழுந்துபோய்க் குளிர்பெட்டியைத் திறந்தாள். வெளிச்சம் படக்கூடாத மருந்து. பாட்டிலை அலுமினியத் தாளால் சுற்றியிருந்தாள். பம்போடு இணைத்த பிறகு, குழாய் கழன்றுவிடும் என்ற பயத்தில் அதைத் தொட்டதே இல்லை.

குழாயைக் கழற்றிவிட்டு எடுத்தாள்.

கனமாக இருந்தது.

பேராசிரியர் தன் அறையில் பயணப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். மற்றவர்களுக்கு ஒரு மாதம்கூட வராத பாட்டில் அவளுக்கு நான்கு மாதம் வந்தது. போன கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அதைச் சொல்லிப் பாராட்டியிருந்தார்.

தாளைப் பிரித்துவிட்டுப் பாட்டிலை மேசைமேல் வைத்தாள். ஏறக்குறைய கழுத்துவரை இருந்தது.

அவர் முகம் மலர்ந்தது.

"அட, இன்னும் இவ்வளவு மிச்சம் வச்சிருக்கியாம்மா?"

ஜன்னலுக்கு வெளியே அவருடைய டாக்ஸி வந்து நின்றது. அவர் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தார்.

"சார்," என்றாள். "ரெண்டு நாளை விட்டோமே. அது மட்டும்தான் சார் சரி."